உடற்பயிற்சிக்கான உந்துதல் எங்கே ஊறுகிறது?

இந்தியாவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை. 2022ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழ் 2024 ஜூனில் வெளியிட்ட கணக்கு இது. பெண்களில் 57 சதவீதம், ஆண்களில் 42 சதவீதம். இப்படி ஒரு எண் செய்தியில் வரும்போதெல்லாம் 'சோம்பேறித்தனம்' என்ற ஒற்றைச் சொல்லோடு பேச்சை முடித்துவிடுகிறோம்.

சேலத்தில் இருந்துகொண்டு அந்தச் சொல்லை ஒப்புக்கொள்வது கடினம். அம்மாப்பேட்டையில் விடிய விடிய விசைத்தறி ஓட்டுகிறவரை, சிவதாபுரம் கொலுசுப் பட்டறையில் கழுத்து வலிக்கக் குனிந்து பத்தவைக்கிறவரை, செவ்வாய்ப்பேட்டை மண்டியில் காலையில் திறந்த கடையை இரவு வரை கட்டிக்காக்கிறவரை யாராவது சோம்பேறி என்பார்களா? ஆனால் இவர்களிடம் டாக்டர் "தினமும் அரை மணி நேரம் நடங்க" என்று சொன்னால், பத்து நாள் நடக்கிறார்கள், அப்புறம் நின்றுவிடுகிறது. வேலையில் இத்தனை உறுதியாக இருப்பவருக்கு நடையில் மட்டும் அந்த உறுதி ஏன் வருவதில்லை?

உடற்பயிற்சிக்கான உந்துதலைத் தனியாக எடுத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. ஒருவர் பள்ளியில் என்ன மாதிரி உந்துதலோடு வளர்ந்தார், வேலையில் அவருக்கு எவ்வளவு பிடி இருக்கிறது, வீட்டில் அவருடைய நேரம் யார் கையில் இருக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் காலை ஐந்தரை மணிக்கு அவர் எழுந்து செருப்பை மாட்டுவாரா, போர்வையை இழுத்துக்கொள்வாரா என்பதைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. உளவியலில் நாற்பது ஆண்டுகளாக இதைப் பற்றி நடந்த வேலையை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

உடலியக்கம் வேறு, உடற்பயிற்சி வேறு

வயது வந்தவர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கம் செய்ய வேண்டும், அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உடலியக்கம் செய்ய வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். இதில் வேலை, வீட்டு வேலை, நடந்து போய்வருவது எல்லாமே கணக்கில் சேரும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் சரிவில் ஏறி இறங்கிப் பழம் பறிக்கும் பெண்ணுக்கு, அறுவடைக் காலத்தில் அந்த 150 நிமிடம் திங்கட்கிழமையே முடிந்துவிடும்.

உடற்பயிற்சி என்பது இதில் ஒரு பகுதி மட்டுமே. யாரும் கூலி தராத நேரத்தில், உடம்புக்காக என்று நாமாக எடுத்துச் செய்வது அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) தமிழ்நாட்டையும் சேர்த்து நடத்திய 'இண்டியாப்' (INDIAB) ஆய்வு 2014இல் வெளிவந்தபோது, ஓய்வு நேரத்தில் இப்படிப் பயிற்சியோ விளையாட்டோ செய்பவர்கள் 10 சதவீதத்துக்கும் குறைவு என்று தெரிந்தது. வேலை உடம்பை அசைத்த காலம் வரை இது பெரிய சிக்கலாக இல்லை. தறி, பட்டறை, கடை, கணினி என்று வேலை ஓரிடத்தில் உட்கார்ந்தோ நின்றோ செய்வதாக மாறியபோது, நாமாக எடுத்துச் செய்யும் அந்தச் சிறு பங்கின் மேல் முழுப் பாரமும் வந்து விழுந்துவிட்டது. 'நாமாக' என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது.

உந்துதலின் அளவும் வகையும்

உந்துதல் என்றால் ஒரு காரியத்தைத் தொடங்கவும் தொடரவும் நம்மைத் தள்ளும் காரணம். 'அவனுக்கு உந்துதல் அதிகம், இவனுக்குக் குறைவு' என்று அளவை வைத்தே பேசிப் பழகிவிட்டோம். எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள், அளவைவிட வகை முக்கியம் என்று காட்டினார்கள். 1985இல் அவர்கள் வெளியிட்ட நூலிலிருந்து வளர்ந்த இந்தக் கருத்துக்குச் சுயநிர்ணயக் கோட்பாடு என்று பெயர். காரணம் வெளியில் இருக்கிறதா உள்ளே இருக்கிறதா என்பதை வைத்து உந்துதலை ஏணிப்படி போல அடுக்கலாம். நடைப்பயிற்சியையே எடுத்துக்கொள்வோம்.

1. கட்டளை. "சர்க்கரை 240 இருக்கு, நடக்கலைன்னா மாத்திரையைக் கூட்டிடுவேன்" என்று டாக்டர் சொன்னதால் நடப்பது. மிரட்டல் நின்றால் நடையும் நிற்கும்.

2. குற்ற உணர்வு. யாரும் கேட்கவில்லை. ஆனால் நடக்காத நாளில் மனம் குத்துகிறது, தொப்பையைப் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. வெளியிலிருந்த கட்டளை உள்ளே குடிவந்துவிட்ட நிலை இது. சுயக் கட்டுப்பாடு என்று பலர் இதைத்தான் தப்பாக நினைக்கிறார்கள்.

3. ஏற்பு. நடந்தால் முழங்கால் பிடிப்பு விடுகிறது, இரவில் தூக்கம் வருகிறது, அது எனக்கு வேண்டும் என்று தெரிந்தே நடப்பது. நடை பிடிக்க வேண்டும் என்றுகூட இல்லை, அதன் பயன் தனக்கு உரியது என்று தோன்றினால் போதும்.

4. ஒன்றிப்போதல். 'நான் காலையில் நடக்கிற ஆள்' என்பது தன் அடையாளத்தில் ஒரு பகுதியாகிவிடுவது.

5. விருப்பம். நடப்பதே சுகமாக இருப்பதால் நடப்பது.

பெட்ரோ டெய்ஷேராவும் சக ஆய்வாளர்களும் 2012இல் 66 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். தொடங்கிய புதிதில் பயிற்சியைத் தாங்கிப் பிடிப்பது பெரும்பாலும் மூன்றாம் படி, நீண்ட காலத்துக்கு நிலைக்க வைப்பது ஐந்தாம் படி என்று தெரிந்தது. முதல் இரண்டு படிகளில் நிற்பவர்கள் வேகமாகத் தொடங்கலாம், நிலைப்பது கடினம். பத்தாம் நாள் நடை நின்றுபோனவர் பெரும்பாலும் இந்த இரண்டு படிகளில்தான் நின்றிருப்பார்.

மேல் படிக்கு ஒருவரை ஏற்றுவது எது? மூன்று தேவைகளை இந்தக் கோட்பாடு சொல்கிறது. இதை நான்தான் முடிவு செய்கிறேன் என்ற தன்விருப்பம், இது எனக்குக் கைவருகிறது என்ற திறன் உணர்வு, இதில் என்னோடு மனிதர்கள் இருக்கிறார்கள் என்ற உறவு. பயிற்சிக்கு மட்டும் உரிய தேவைகள் அல்ல இவை. வேலையிலும் படிப்பிலும் குடும்பத்திலும் இவையே வேலை செய்கின்றன. அதனால்தான் ஓரிடத்தில் நடப்பது இன்னோரிடத்தைத் தொடுகிறது.

ஒரு ஏரி நிரம்பினால்

கனடாவைச் சேர்ந்த ராபர்ட் வல்லராண்ட் 1997இல் உந்துதலை மூன்று அடுக்காகப் பிரித்தார். மேலே, ஒருவருடைய பொதுவான இயல்பு. நடுவில், வாழ்க்கையின் களங்கள்: படிப்பு, வேலை, உறவுகள், ஓய்வு நேரம். கீழே, இந்த நிமிடத்தில் செய்துகொண்டிருக்கும் காரியம். மேலிருந்து கீழே பாதிப்பு இறங்கும், கீழிருந்து மேலே ஏறவும் செய்யும். நடு அடுக்கில் இருக்கும் களங்களும் ஒன்றையொன்று பாதிக்கும்.

சேலத்துக்காரர்களுக்கு இதை ஏரியை வைத்துச் சொல்லலாம். சேர்வராயன் மலையில் பெய்யும் மழை அடிவாரத்துக்கு இறங்கிக் கன்னங்குறிச்சி புது ஏரிக்கு வருகிறது. அது நிரம்பினால் மூக்கனேரிக்குத் தண்ணீர் போகிறது. மேல் ஏரி வறண்டால் கீழ் ஏரியும் வறளும். இடையில் வாய்க்கால் தூர்ந்திருந்தால், மேல் ஏரி கலங்கல் வழிந்தாலும் கீழே ஒரு சொட்டு வராது. அப்புறம் இன்னொன்று: வருவது தண்ணீர் மட்டுமல்ல, அதில் கலந்ததும் சேர்ந்தே வரும். திருமணிமுத்தாற்றில் சாயம் கலந்தால் என்ன ஆகும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உந்துதலும் அப்படித்தான். வேலையில் மிரட்டலுக்குப் பழகிய மனம், பயிற்சிக்கும் மிரட்டலையே எதிர்பார்க்கத் தொடங்கிவிடுகிறது.

இந்த உவமைக்கு ஓர் எல்லையும் உண்டு. தண்ணீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத்தான் ஓடும். உந்துதல் எதிர்த்திசையிலும் ஓடும். அதைப் பிறகு பார்ப்போம்.

பி.டி. பீரியட்

வாய்க்கால் எங்கே வெட்டப்படுகிறது என்று கேட்டால், பெரும்பாலோருக்குப் பள்ளி மைதானத்தில் என்பேன். ஆய்வுகளும் இந்த இடத்தில்தான் மிகத் தெளிவாகப் பேசுகின்றன.

மார்ட்டின் ஹேகர், நிக்கோஸ் சட்சிசராண்டிஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2003இல் களம் தாண்டும் மாதிரி என்று ஒன்றை முன்வைத்தார்கள். அதன் சங்கிலி இப்படிப் போகிறது:

1. உடற்கல்வி ஆசிரியர் தங்களுக்குத் தேர்வும் விளக்கமும் தருகிறார், தங்கள் பேச்சைக் கேட்கிறார் என்று மாணவர்கள் உணர்கிறார்கள்.

2. அதனால் அந்த வகுப்பில் அவர்களுடைய உந்துதல் மேல் படிகளுக்கு நகர்கிறது.

3. வகுப்பில் வந்த அந்த உந்துதல், மாலையிலும் விடுமுறையிலும் செய்யும் உடலியக்கத்துக்கான உந்துதலாகத் தாண்டுகிறது.

4. அதிலிருந்து எண்ணம், எண்ணத்திலிருந்து செயல்.

பிரிட்டன், கிரீஸ், போலந்து, சிங்கப்பூர் எனப் பண்பாட்டில் ஒன்றுக்கொன்று வேறுபட்ட நாடுகளில் 2005இல் சோதித்தபோதும் இந்தச் சங்கிலியின் முக்கியக் கண்ணிகள் அறுபடவில்லை. 2009இல் அவர்கள் செய்த இன்னோர் ஆய்வில், ஆசிரியர்கள் ஐந்து வாரம் பாணியை மாற்றினார்கள். 'இதை ஏன் செய்கிறோம்' என்று சொன்னார்கள், 'கஷ்டமாகத்தான் இருக்கும், தெரியும்' என்று ஒப்புக்கொண்டார்கள், இரண்டு மூன்று வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த வகுப்புப் பிள்ளைகள், மற்றவர்களைவிட ஓய்வு நேரத்திலும் அதிகமாக உடலை அசைத்ததாகச் சொன்னார்கள்.

இப்போது நம் பள்ளிகளை நினைத்துப் பாருங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு பி.டி. பீரியட். பத்தாம் வகுப்பு வந்தால் அதையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். பன்னிரண்டாம் வகுப்பில் அட்டவணையில் மட்டும் இருக்கும். படிப்பு என்பது முதலிடம், உடம்பு என்பது நேரம் மிஞ்சினால் என்ற பாடத்தை, யாரும் சொல்லாமலே பதினைந்து வயதில் பிள்ளைகள் படித்துவிடுகிறார்கள்.

அதைவிடக் கேடு ஒன்று உண்டு. வீட்டுப்பாடம் எழுதவில்லையா? "டேய், கிரவுண்டை மூணு ரவுண்டு ஓடுடா." வகுப்பில் பேசினாயா? ஐம்பது தோப்புக்கரணம். தாமதமாக வந்தாயா? முழங்கால் போடு. உடம்பை அசைப்பதைத் தண்டனையாகக் கொடுத்துப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் வளர்த்துவிட்டு, நாற்பது வயதில் அதே மனிதர் காந்தி ஸ்டேடியத்தில் ஆனந்தமாக ஓட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். ஓட்டத்துக்கும் அவமானத்துக்கும் போட்ட முடிச்சு, மைதானத்தில் மூன்றாவது சுற்றில் மூச்சு வாங்கும்போது திரும்ப வந்து நிற்கும். அவருக்குக் காரணம் தெரியாது. 'எனக்கு ஓட்டம் ஒத்துவராது' என்று மட்டும் சொல்வார்.

இதற்கு நேர் எதிரான சான்றும் இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, சிறு வயதில் பேருந்து விபத்தில் வலது காலில் ஊனமுற்றவர். அவரை உயரம் தாண்டுதல் பக்கம் திருப்பியவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, 2024 பாரிஸில் வெண்கலம். எல்லாப் பிள்ளைகளும் பதக்கம் வாங்கப்போவதில்லை. ஆனால் 'உன்னால் முடியும், வா' என்று சொல்லும் ஒரு ஆசிரியர் எவ்வளவு நீளமான வாய்க்காலை வெட்டுகிறார் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வேலையிலிருந்து வீட்டுக்கு எது வருகிறது?

'வேலை முடிந்து வந்தால் அலுப்பு, அதான் நடக்க முடியவில்லை.' எல்லோரும் சொல்லும் காரணம் இது. பொய்யும் இல்லை. ஆனால் அலுப்பு மட்டும்தான் காரணம் என்றால், அலுப்பில்லாத வேலை செய்பவர்கள் அதிகம் நடக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் தரவு வேறொன்றைச் சொல்கிறது.

அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் கராசெக் 1979இல் வேலையை இரண்டு அளவுகோல்களால் அளந்தார். ஒன்று, வேலையின் நெருக்கடி. இன்னொன்று, வேலை செய்பவர் கையில் இருக்கும் பிடி: வேகத்தை, வரிசையை, முறையை அவரே தீர்மானிக்க முடிகிறதா? இரண்டையும் சேர்த்தால் நான்கு வகை வேலைகள் கிடைக்கும்.

1. நெருக்கடி அதிகம், பிடி குறைவு: அழுத்த வேலை. விசைத்தறி இதற்கு நல்ல உதாரணம். நான்கைந்து தறிகளுக்கு நடுவில் ஒருவர். பாவில் இழை அறுந்தால் ஓட வேண்டும், நாடாவில் தார் (ஊடைநூல் சுற்றிய குழல்) தீர்ந்தால் மாற்ற வேண்டும். எப்போது ஓடுவது என்பதைத் தறிதான் சொல்கிறது. சத்தத்தில் பக்கத்தில் இருப்பவரோடு பேசவும் முடியாது.

2. நெருக்கடி குறைவு, பிடியும் குறைவு: முடங்கிய வேலை. ஏ.டி.எம். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் காவலாளி, வருகிற தாளில் முத்திரை குத்துவது மட்டுமே வேலையாக இருப்பவர்.

3. நெருக்கடி அதிகம், பிடியும் அதிகம்: துடிப்பான வேலை. சொந்தப் பட்டறை நடத்துபவர், நல்ல தலைமையாசிரியர்.

4. நெருக்கடி குறைவு, பிடி அதிகம்: தளர்வான வேலை. தன் வசதிக்கு ஆர்டர் எடுக்கும் தையல்காரர்.

ஐரோப்பாவில் பல நாடுகளின் தரவுகளை, ஏறத்தாழ 1,70,000 பேர் வரை, ஒன்றாகச் சேர்த்து எலியனோர் பிரான்சனும் குழுவினரும் 2012இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. ஆரம்பத்தில் உடலியக்கத்தோடு இருந்தவர்களில் யார் சில ஆண்டுகளில் முடங்கிப்போகிறார்கள் என்று பார்த்தார்கள். தளர்வான வேலையில் இருப்பவர்களோடு ஒப்பிட்டால், அழுத்த வேலையில் இருப்பவர்கள் முடங்குவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 20 சதவீதம் அதிகம். எதிர்பார்த்ததுதான். ஆனால் முடங்கிய வேலையில் இருப்பவர்களுக்கும் ஏறத்தாழ அதே 20 சதவீதம்.

அழுத்த வேலையில் அலுப்பு உண்டு. முடங்கிய வேலையில் அந்த அளவு நெருக்கடி இல்லை. இரண்டுக்கும் பொதுவானது பிடி இல்லாமை. நாள் முழுக்கத் தன் விருப்பத்துக்கு ஒரு காரியமும் நடக்காத இடத்தில் இருந்துவிட்டு வருபவருக்கு, மாலையில் 'நானாக ஒன்றைச் செய்கிறேன்' என்ற அந்த நரம்பே மரத்துப்போயிருக்கிறது. கராசெக்கும் சுவீடனில் 1968இலும் 1974இலும் எடுத்த கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு இதையேதான் பார்த்தார்: ஆறு ஆண்டுகளில் வேலை முடங்கியவர்களின் ஓய்வு நேரமும் சேர்ந்து முடங்கியிருந்தது.

இந்த இடத்தில் பலர் சொல்லும் இன்னொரு விளக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். மனவுறுதி என்பது பேட்டரி மாதிரி, வேலையில் செலவழித்தால் மாலையில் தீர்ந்துவிடும் என்பது அது. ராய் பாமைஸ்டர் 1998இல் செய்த சோதனையிலிருந்து வந்த கருத்து. பிஸ்கட்டைத் தொடாமல் முள்ளங்கியைத் தின்ன வைக்கப்பட்டவர்கள், அடுத்துக் கொடுத்த புதிரைச் சீக்கிரம் கைவிட்டார்கள் என்றது அந்தச் சோதனை. 2016இல் 23 ஆய்வகங்களில், 2,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து இந்தக் கருத்தைப் பொது முறை ஒன்றால் சோதித்தபோது, விளைவு ஏறத்தாழ பூச்சியம். அந்த முயற்சியை நடத்தியவர் பள்ளி ஆய்வில் மேலே பார்த்த அதே ஹேகர். ஆகவே, 'மனவுறுதி தீர்ந்துபோச்சு' என்ற விளக்கத்தின் மேல் அதிகம் சாய முடியாது. 'இதில் எனக்கு என்ன பிடி' என்ற கேள்விக்குத்தான் ஆதாரம் வலுவாக இருக்கிறது.

சரி, மூன்றாவது வகை? சொந்தப் பட்டறைக்காரருக்குத்தான் பிடி நிறைய இருக்கிறதே, அவர் ஏன் நடையை விடுகிறார்? வாய்க்கால் தூர்ந்திருப்பதால். வேலையில் அவருக்குக் கிடைப்பதில் ஒன்றுகூட நடையில் அவருக்குக் கிடைக்கவில்லை. பட்டறையில் எத்தனை கிலோ வெள்ளி போனது, எத்தனை கொலுசு வந்தது, சேதாரம் எவ்வளவு என்று ஒவ்வொரு நாளும் சிட்டையில் தெரிந்துவிடும். இன்றைக்கு நன்றாகச் செய்தோமா என்ற கேள்விக்கு இரவுக்குள் விடை. நடையோ டாக்டர் போட்ட கட்டளையாக வந்தது, பலன் மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும், கூட யாரும் இல்லை. வேலையில் ஐந்தாம் படியில் நிற்பவர், நடையில் முதல் படியில் நிற்கிறார்.

வீட்டில் யாருடைய நேரம்?

பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதிய உடலியக்கம் இல்லை என்று தொடக்கத்தில் பார்த்த கணக்குக்கு வருவோம். 2019 தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 97 நிமிடம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துவிட்டு உந்துதலைப் பற்றிப் பேசுவதுதான் நேர்மை.

நேரம் மட்டுமல்ல சிக்கல். குறிக்கோள்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. "வீட்ல இத்தனை வேலை கிடக்குது, நான் மட்டும் கையை வீசிக்கிட்டு நடக்கப் போறதா?" என்று ஒரு பெண் கேட்கும்போது, அவருக்கு உந்துதல் குறைவு என்று அர்த்தமில்லை. குடும்பத்தைக் கவனிப்பதற்கான உந்துதல் அவரிடம் மிக அதிகமாக இருக்கிறது, அது நடையைத் தள்ளிவிடுகிறது. நல்ல உந்துதலே இன்னொரு உந்துதலைக் கொல்லும் இடம் இது.

ஜெர்மனியில் மிகேலா ரீடிகரும் அலெக்சாண்ட்ரா பிராய்ண்டும் புதிதாக உடற்பயிற்சி தொடங்கியவர்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். குறிக்கோள்கள் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் இடத்தில் மனிதர்கள் அவற்றில் அதிகம் ஈடுபடுகிறார்கள் என்று கண்டார்கள். மோதல் இருக்கிறதா என்பது ஒரு கேள்வி, கைகொடுத்தல் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. விடியற்காலையில் அஸ்தம்பட்டி உழவர் சந்தைக்கு ஸ்கூட்டியில் போகாமல் பக்கத்து வீட்டு அக்காவோடு பேசிக்கொண்டு நடந்தே போய், கீரையும் தக்காளியும் வாங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு திரும்பினால், நடை, குடும்பம், உறவு மூன்றும் ஒரே முக்கால் மணி நேரத்தில் கைகோக்கின்றன. இது நல்ல தொடக்கம். ஆனால் பெண்ணின் ஒவ்வோர் அசைவுக்கும் குடும்பப் பயன் ஒன்றைக் காட்டித்தான் அனுமதி வாங்க வேண்டும் என்று ஆகிவிடக் கூடாது. அந்த 299 நிமிடத்தில் கொஞ்சத்தை வீட்டில் இருக்கும் ஆண் எடுத்துக்கொள்வதுதான் சரியான வழி.

எதிர்த்திசையில் ஓடும் தண்ணீர்

பயிற்சியில் தொடங்கி மற்ற களங்களுக்கும் உந்துதல் ஏறலாம் என்று சொன்னேன். ஆஸ்திரேலியாவில் மேகன் ஓட்டனும் கென் செங்கும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு மாதம் முறையாக ஜிம்முக்குப் போனவர்கள் சிகரெட், மது, காபி ஆகியவற்றைக் குறைத்ததாகவும், வீட்டு வேலைகளிலும் படிப்பிலும் ஒழுங்கு கூடியதாகவும் சொன்னார்கள். பங்கேற்றவர்கள் 24 பேர்தான் என்பதால் இதன் மேல் பெரிய கோட்டை கட்ட வேண்டாம்.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது ஈடுசெய்தல். வேலையில் பிடி இல்லாதவர் எல்லோரும் முடங்கிப்போவதில்லை. சிலர் அங்கே கிடைக்காததைப் பயிற்சியில் தேடி எடுக்கிறார்கள். அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு அந்த மலைப்பாதை என்ன தருகிறது என்று பாருங்கள். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள், வளைவுக்கு வளைவு எண் பலகை. ஏழாவது வளைவில் தொடை எரிகிறது. போன வாரம் ஆறில் இறங்கித் தள்ளினோம், இன்று ஏழு என்பது தெரிகிறது. நிற்பதா மிதிப்பதா என்பதை மேலதிகாரி சொல்லவில்லை, தறி சொல்லவில்லை. முன்னால் போகிறவர் திரும்பிப் பார்த்து "வா தம்பி, இன்னும் ரெண்டு வளைவுதான், நிழல் வந்துரும்" என்கிறார். தன்விருப்பம், திறன், உறவு மூன்றும் ஒரே ஏற்றத்தில். வாரம் முழுக்க முடங்கிய வேலையில் இருப்பவர் ஞாயிற்றுக்கிழமை இதற்காக நாலரை மணிக்கு எழுவதில் வியப்பே இல்லை.

இதனால் எதை மாற்ற வேண்டும்?

1. பள்ளி. முதலில் செய்ய வேண்டியது இதுதான், செலவும் இல்லாதது. ஓட்டத்தையும் தோப்புக்கரணத்தையும் தண்டனையாகக் கொடுப்பதை நிறுத்த வேண்டும். பி.டி. பீரியடைக் கடன் வாங்குவதை நிறுத்த வேண்டும்.

2. வேலையிடம். ஜிம் கட்டிக் கொடுப்பதைவிட, எந்த நேரத்தில் பத்து நிமிடம் எழுந்து நடக்கலாம் என்பதைத் தொழிலாளியே முடிவு செய்ய விடுவது அதிகப் பலன் தரும் என்பது மேலே பார்த்த ஆய்வுகளிலிருந்து நான் எடுக்கும் முடிவு. மணி அடித்து எல்லோரையும் கைகால் ஆட்ட வைத்தால் அது இன்னொரு கட்டளையாகத்தான் போய்ச் சேரும்.

3. அரசு. தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 2023 நவம்பர் 4 அன்று எல்லா மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளைத் தொடங்கியது. பாதை வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் பாதை போட்டதும் எல்லோரும் வந்துவிட மாட்டார்கள். இரவு ஷிப்ட் முடிந்து காலை எட்டு மணிக்கு வெளியே வரும் தறிக்காரருக்கும், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் பத்து மணிக்குத்தான் மூச்சுவிடும் பெண்ணுக்கும் அந்த நேரத்தில் நிழலும் கழிப்பறையும் இருக்கிறதா என்று பார்த்து அமைக்க வேண்டும்.

4. டாக்டர். "தினமும் நடங்க" என்பதற்கு முன் இரண்டு கேள்விகள் கேட்கலாம். "உங்க நாள்ல நீங்களே முடிவு பண்ற நேரம் எது?" "எந்த வேலையை யாரும் சொல்லாமலே செய்யறீங்க?" முதல் கேள்விக்கான விடை, நடையை எங்கே வைப்பது என்று சொல்லும். இரண்டாவது, எந்த வடிவத்தில் வைப்பது என்று சொல்லும்.

5. நடக்க நினைப்பவர். தனக்கு ஏற்கெனவே நிரம்பியிருக்கும் ஏரி எது என்று பார்த்து, அங்கிருந்து வாய்க்கால் வெட்ட வேண்டும். பக்தியில் நிரம்பியவருக்குக் கோயில் சுற்று, தோட்டம் பிடித்தவருக்கு மண்வெட்டி, நட்பில் வாழ்பவருக்கு நான்கு பேர் கூட்டு. பட்டறைக்காரருக்கு அந்தச் சிட்டையே போதும். வெள்ளிக் கணக்கு எழுதும் அதே பக்கத்தின் ஓரத்தில் இன்றைக்கு எத்தனை நிமிடம் நடந்தோம் என்று ஓர் எண். பிலிப்பா லாலி 2010இல் 96 பேரை வைத்துப் பார்த்ததில், ஒரு புதிய செயல் பழக்கமாக இறுகுவதற்கு இடைநிலை அளவாக 66 நாட்கள் பிடித்தன, ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் விட்டால் எல்லாம் பாழாகவில்லை. சிட்டையிலும் எண் விழாத நாட்கள் இருக்கும். அந்த நாளில் கடையில் என்ன நடந்தது என்பதும் அதே பக்கத்தில் இருக்கும்.